ஆலிவர் ஸ்டோனின் ‘அலெக்சாண்டர்’ (2004): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு சண்டைகள் ஓயவில்லை: எந்தப் பதிப்பைப் பார்ப்பது, இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை. இரண்டாவது கேள்விக்குப் பதில் பலரும் நினைப்பதற்குத் தலைகீழானது. போர்க்களத்தில் படம் பெரும்பாலும் நேர்மையாக இருக்கிறது. கால வரிசையில்தான் கையை வைத்திருக்கிறார்கள்.

நாலு பதிப்பு இருக்கிறதாமே, எதைப் பார்க்கலாம்?

ஆமாம், நாலு. 2004 நவம்பரில் திரையரங்குகளுக்கு வந்தது 175 நிமிடம். அடி வாங்கிய பிறகு 2005-இல் டிவிடிக்காக ஸ்டோன் சுமார் 17 நிமிடத்தை வெட்டி, 9 நிமிடம் புதிதாகச் சேர்த்து, ‘இயக்குநர் பதிப்பு’ என்று 167 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். 2007-இல் எதிர்த் திசையில் போய் 214 நிமிடத்துக்கு நீட்டினார். நடுவே இடைவேளை விட்டு இரண்டு பாகமாக ஓடும் பதிப்பு அது. ‘இறுதிப் பதிப்பு’ என்று பெயரும் வைத்தார். இறுதி என்றவர் 2014-இல் மறுபடி வந்து, அதைக் கொஞ்சம் கத்தரித்து 206 நிமிடத்தில் இன்னொன்றை வெளியிட்டார்.

எங்கள் பரிந்துரை 214 நிமிடப் பதிப்பு, இரண்டு இரவுகளாக. இடைவேளை அட்டை வரும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். 206 நிமிடப் பதிப்பு கிடைத்தாலும் பெரிய இழப்பில்லை. மூன்று மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் திரையரங்கப் பதிப்பு போதும். 167 நிமிடப் பதிப்பை மட்டும் தவிர்த்துவிடலாம். விமர்சனத்துக்குப் பயந்து சுருக்கியது என்பது ஒவ்வொரு தாவலிலும் தெரியும், மூச்சு விட இடமில்லை. ‘இயக்குநர் பதிப்பு’ என்ற பெயரைப் பார்த்து அதுதான் முழுமையானது என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

என்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிமிடக் கணக்கு எதோடும் ஒத்துவரவில்லையே?

உறை மேல் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், ஓடும் நேரத்தைப் பாருங்கள். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விற்கப்படும் டிவிடிகளில் பல ‘பால்’ என்ற தொலைக்காட்சி முறையில் பதியப்பட்டவை (குடிக்கிற பால் அல்ல). படச்சுருளில் நொடிக்கு 24 ஃபிரேம். ‘பால்’ முறையில் நொடிக்கு 25. வேறு வழியில்லாமல் படத்தையே நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிப் பதிவார்கள். ஒரு காட்சிகூட வெட்டப்படாமலே நேரம் குறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் 175 நிமிடப் படம் 168 ஆகிறது. 167 நிமிடப் படம் 160 ஆகிறது. 214 என்பது 205 சொச்சம். 206 என்பது 198. இப்போது குழப்பம் புரியும்: ‘பால்’ டிவிடியில் 168 நிமிடம் காட்டினால் அது வெட்டப்பட்ட இயக்குநர் பதிப்பு அல்ல, முழுத் திரையரங்கப் பதிப்பு. 205 நிமிடம் காட்டினால் அது 2014 பதிப்பு அல்ல, 2007 பதிப்பு. ப்ளூ ரே தட்டில் 24 ஃபிரேமாகவே ஓடும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை, நிமிடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தட்டைப் போட்டுச் சரிபார்க்க வேண்டுமா? பாரசீகரோடு நடக்கும் காகமேலா போர் எப்போது வருகிறது என்று பாருங்கள். கதை சொல்லும் முதியவர் தாலமி (அலெக்சாண்டரின் படைத்தலைவர், பின்னாளில் எகிப்தின் அரசர்) பேசி முடித்த சிறிது நேரத்தில் போர் வந்துவிட்டால் அது நீண்ட பதிப்பு. குழந்தைப் பருவம், குதிரையை அடக்குவது, அரிஸ்டாட்டில் பாடம் எல்லாம் வரிசையாக முடிந்து அப்புறம் போர் வந்தால் திரையரங்கப் பதிப்பு.

கதை முன்னும் பின்னும் தாவுகிறது. பின்தொடர முடியவில்லை.

நியாயமான புகார்தான். படம் அலெக்சாண்டரின் மரணத்தில் தொடங்கி, நாற்பது வருடம் தள்ளி எகிப்தில் கிழவரான தாலமியிடம் (அந்தோணி ஹாப்கின்ஸ்) போய், அவர் எழுத்தருக்குச் சொல்லச் சொல்ல விரிகிறது. தந்தை பிலிப்பின் கொலை வரலாற்றில் ஆரம்பத்தில் நடந்தது. திரையரங்கப் பதிப்பில் அது கிட்டத்தட்டக் கடைசி மணி நேரத்தில், இந்தியப் பகுதிக்கு நடுவே நினைவாக வருகிறது. தன் படைத்தலைவர் கிளைட்டஸைக் கொன்ற குற்ற உணர்வையும் தந்தையின் கொலையையும் ஒட்டிவைக்க வேண்டும் என்பது ஸ்டோனின் எண்ணம். உத்தி என்ற அளவில் அது பிழையில்லை. ஆனால் அலெக்சாண்டரின் வாழ்க்கையை ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் அது வேலை செய்யும்.

ஆகவே பார்க்கும் முன் இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

கி.மு. 356 – மாசிடோனியத் தலைநகர் பெல்லாவில் பிறப்பு.
336 – பிலிப் கொலை, அலெக்சாண்டர் அரியணையில்.
334 – ஆசியாவுக்குள் நுழைவு.
331 அக்டோபர் 1 – காகமேலா, பிறகு பாபிலோன்.
330 – குதிரைப்படைத் தலைவன் பிலோட்டஸுக்கு மரண தண்டனை, அவன் தந்தையும் மூத்த தளபதியுமான பார்மேனியன் கொலை.
328 – கிளைட்டஸ் கொலை.
327 – ரொக்சானாவுடன் திருமணம்.
326 – போரஸோடு ஜீலம் போர், பியாஸ் கரையில் படை மேலே செல்ல மறுப்பு.
325 – கெட்ரோசியப் பாலைவனம் வழியே திரும்பும் பயணம்.
324 – நெருங்கிய நண்பன் ஹெபஸ்டியன் மரணம்.
323 ஜூன் – பாபிலோனில் மரணம். வயது 32.

காகமேலா போர் உண்மையில் அப்படித்தான் நடந்ததா?

பெருமளவுக்கு ஆமாம். பழங்காலப் போர் ஒன்றை அதன் வியூகத்தோடு புரிய வைத்த படங்கள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டின் வரலாற்றாசிரியர் ராபின் லேன் ஃபாக்ஸ் ஆலோசகராக இருந்தார். அதற்கு அவர் கேட்ட கூலி விசித்திரமானது: குதிரைப்படைத் தாக்குதலின் முன்வரிசையில் தானும் ஓட்டிப் போக வேண்டும். போனார். படப்பிடிப்பு மொராக்கோ பாலைவனத்தில். ராணுவ ஆலோசகர் டேல் டை துணை நடிகர்களுக்கு முகாம் போட்டுப் பயிற்சி கொடுத்தார்.

திரையில் ‘மாசிடோனிய இடதுபக்கம்’, ‘மையம்’, ‘வலதுபக்கம்’ என்று எழுத்து வரும். அவசரத்தில் பலரும் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, ஒன்றுமே புரியவில்லை என்பார்கள். புரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். பழங்கால வரலாற்றாசிரியர் அரியன் தரும் கணக்கில் அலெக்சாண்டரிடம் 40,000 காலாட்படை, 7,000 குதிரை. எதிரில் அதைவிடப் பல மடங்கு. (அரியன் பத்து லட்சம் என்கிறார், அதை இன்று யாரும் ஏற்பதில்லை.) தேர் ஓடுவதற்காகப் பாரசீக அரசன் டேரியஸ் மைதானத்தையே சமப்படுத்தி வைத்திருந்தான். அலெக்சாண்டர் நேராக மோதாமல் படையோடு வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போனார். இப்படியே விட்டால் சமப்படுத்திய நிலத்தைத் தாண்டிவிடுவார் என்று டேரியஸ் தன் இடப்பக்கக் குதிரைப்படையை அவரைத் தடுக்க அனுப்பினான். அனுப்ப அனுப்ப அவனுடைய வரிசையில் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிக்குள் அலெக்சாண்டர் ஆப்பு வடிவத்தில் குதிரைப்படையைச் செலுத்தி, நேரே டேரியஸை நோக்கிப் பாய்ந்தார்.

இதற்கு விலை இடப்பக்கம். அங்கே பார்மேனியன் குறைந்த ஆட்களோடு தாக்குப்பிடிக்க வேண்டும். முடியாமல் போய் உதவி கேட்டு ஆள் அனுப்புகிறார், டேரியஸ் கைக்கெட்டும் தூரத்தில் தப்புகிறான். படத்தில் அலெக்சாண்டரின் முகம் அந்தக் கணத்தில் படும் பாடு அரியனிலும் இருக்கும் சங்கடத்தின் திரை வடிவம்.

அரிவாள் பூட்டிய தேர்கள் வரும்போது மாசிடோனியர்கள் விலகி வழிவிடுவதும் நூல்களில் உள்ளதே. குதிரை ஈட்டிக் காட்டுக்குள் பாயாது, திறந்த சந்துக்குள்தான் ஓடும். உள்ளே வந்ததும் தேரோட்டியை அடித்து வீழ்த்துவார்கள். அந்த ஈட்டியின் பெயர் சாரிசா, சுமார் ஐந்தரை மீட்டர், இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். முன்வரிசைக்காரனைத் தாண்டிப் பின்வரிசை ஈட்டிமுனைகளும் வெளியே நீட்டியிருக்கும். அதனால்தான் முன்னால் அசைக்க முடியாத சுவர், பக்கவாட்டில் திரும்பவே முடியாத சுமை.

புழுதியில் எதுவுமே தெரியவில்லை என்பது அடுத்த புகார். அதுவும் வேண்டுமென்றே செய்தது. டேரியஸ் தப்பிய திசையே புழுதியில் தெரியவில்லை என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், பாதிக் குறை தீரும்.

அப்படியானால் போரஸோடு நடந்த போர்?

இங்கேதான் படம் வரலாற்றை விட்டு வெகுதூரம் போகிறது. அதிலும் நம் ஊர்ப் பார்வையாளருக்கு எரிச்சல் தரும் இடம் இது. அடர்ந்த காடு, மரங்களுக்கு நடுவே யானைகள், அம்பு பட்டுச் சாயும் அலெக்சாண்டர். படம்பிடித்தது தாய்லாந்தில், போரஸாக நடித்தவரும் பின் பன்லூரிட் என்ற தாய்லாந்து நடிகர்.

நிஜப் போர் பஞ்சாபில் ஜீலம் ஆற்றங்கரைச் சமவெளியில் நடந்தது. அரியன் கணக்கில் போரஸிடம் 30,000 காலாட்படை, 4,000 குதிரை, 300 தேர், 200 யானை. ஆறு பெருக்கெடுத்திருந்தது. எதிர்க்கரையில் யானைகள் நின்றால் குதிரைகள் மிரண்டு தெப்பத்திலிருந்தே குதித்துவிடும். எனவே அலெக்சாண்டர் இரவுக்கிரவு கரையோரம் படையை அங்குமிங்கும் ஓட்டி ஆரவாரம் செய்து போரஸைச் சலிக்க வைத்தார். பிறகு படைத்தலைவர் கிராட்டரஸை முகாமிலேயே விட்டுவிட்டு, இடி மழை கொட்டிய ஓர் இரவில் சுமார் 27 கிலோமீட்டர் மேலே போய் ஆற்றைக் கடந்தார். சேற்றில் போரஸின் தேர்கள் சிக்கின. வில்லாளிகளின் பெரிய வில்லைத் தரையில் ஊன்றித்தான் நாணேற்ற வேண்டும், வழுக்கும் மண்ணில் அது நிற்கவில்லை. பாகன்களை இழந்து காயம்பட்ட யானைகள் நண்பர் பகைவர் பார்க்காமல் மிதித்தன. இவ்வளவு நாடகம் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஒரு காட்டுச் சண்டையை எடுத்தது ஏன் என்று கேட்டால், எங்களுக்கும் அது வருத்தம்தான்.

காரணம் ஊகிக்கக் கூடியதே. மூன்று சம்பவங்களை ஒரே காட்சியில் மடித்திருக்கிறார்கள். மார்பில் அம்பு பட்டது ஜீலத்தில் அல்ல, பிறகு மாலவர்களின் கோட்டையில், இன்றைய முல்தான் பக்கம். ஏணி முறிந்து, இரண்டு மூன்று பேரோடு மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டபோது பட்டது. வீரர்கள் இனி வரமாட்டோம் என்று நின்றது போரஸ் போருக்குப் பிறகு பியாஸ் கரையில். அப்போது அலெக்சாண்டர் பணிந்து திரும்பினார், யாரையும் கொல்லவில்லை. கிளர்ச்சித் தலைவர்களைப் பிடித்துக் கொன்றது 324-இல், மெசபடோமியாவில் ஓபிஸ் என்ற இடத்தில். படத்தில் இவையெல்லாம் இந்தியாவிலேயே அடுத்தடுத்து நடந்து முடிந்துவிடும்.

‘உன்னை எப்படி நடத்த வேண்டும்?’, ‘அரசனைப் போல’ என்று பள்ளிக்கூடத்தில் படித்த உரையாடலை எதிர்பார்க்காதீர்கள், வராது. அரியனில் அது உண்டு. தோற்ற போரஸுக்கு அலெக்சாண்டர் நாட்டைத் திருப்பித் தந்ததோடு கூடுதல் நிலமும் சேர்த்துக் கொடுத்தார். போரஸை ‘புருஷோத்தமன்’ என்று எழுதுவது பிற்கால யூகம். கிரேக்கர்கள் சொன்னது போரோஸ், அது பௌரவர் குலப்பெயராக இருக்கலாம் என்பது பரவலான கருத்து.

அந்தப் போரில் திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகிறது. டிவியில் கோளாறா?

இல்லை, டிவியைத் தட்ட வேண்டாம். அலெக்சாண்டர் காயம்பட்ட பிறகு வரும் பகுதியை ஒளிப்பதிவாளர் ராட்ரிகோ ப்ரியெட்டோ அகச்சிவப்புக் கதிரை உணரும் வண்ணப்படச்சுருளில் எடுத்தார். பச்சை இலை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும். அந்தச் சுருள் அதைச் சிவப்பாகப் பதிவு செய்யும். அதனால் காடே ரத்த நிறமாகிவிடுகிறது. செடியையும் பச்சைச் சாயம் பூசிய துணியையும் பிரித்தறிய ராணுவம் பயன்படுத்திய சுருள் வகை இது. இலையில்லாத பொருட்களின் நிறமும் மாறித் தெரியும், அதையும் கவனியுங்கள். நிறத்தைச் சரிசெய்கிறேன் என்று அமைப்புகளை மாற்றினால் பிறகு வரும் பாபிலோன் காட்சிகள் கெட்டுப்போகும்.

மாசிடோனியர்கள் ஏன் அயர்லாந்துக்காரர்கள் மாதிரி பேசுகிறார்கள்?

காலின் ஃபாரெல் அயர்லாந்துக்காரர். அவர் பேச்சை மாற்றாமல் மற்ற மாசிடோனியர்களை அதற்கு இசைய வைத்தார்கள், பிலிப்பாக வரும் வால் கில்மர் உட்பட. ஏதென்ஸ்காரர்கள் கண்ணுக்கு மாசிடோனியர்கள் மலைநாட்டு முரடர்கள். அந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் காட்ட இது ஒரு வழி. அரிஸ்டாட்டிலாக வரும் கிறிஸ்டபர் பிளம்மர் சுத்தமான மேடை ஆங்கிலம் பேசுவதும் அதனால்தான். நம்மிடம் ஒரு படத்தில் அரசவைப் புலவர் செந்தமிழும் படைத்தலைவர்கள் வட்டார வழக்கும் பேசுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். தாய் ஒலிம்பியாஸ் இன்னொரு நாட்டு (எபிரஸ்) இளவரசி என்பதால் அவருக்கு வேறொரு உச்சரிப்பு. யோசனை நல்லது, கேட்கும்போதுதான் சில இடங்களில் சிரிப்பு வருகிறது.

ஏஞ்சலினா ஜோலி காலின் ஃபாரெலுக்கு அம்மாவா?

நிஜ வயதில் ஒரு வருட வித்தியாசம் (1975, 1976). சிறுவன் அலெக்சாண்டரோடு வரும் காட்சிகளில் உறுத்தாது, வளர்ந்த பிறகு உறுத்தும். பாம்புகள் மட்டும் கற்பனை அல்ல. ஒலிம்பியாஸ் வழிபாட்டில் பாம்புகளை வைத்திருந்ததாகப் பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

என்னென்ன விடுபட்டிருக்கிறது?

கிரானிகஸ், இஸஸ் என்ற இரண்டு பெரும் போர்கள். ஏழு மாதம் நீடித்த டயர் முற்றுகை. தீப்ஸ் நகர அழிப்பு. கோர்டியன் முடிச்சு. பெர்சிபோலிஸ் அரண்மனை எரிப்பு. பல ஆண்டுகளைத் தாலமியின் குரல் சில வாக்கியங்களில் கடந்துவிடுகிறது. பெர்சிபோலிஸை விட்டது பெரிய ஓட்டை: அலெக்சாண்டர் பாரசீகரை மதித்தவர் என்று படம் வாதாடும்போது, அவர்களுடைய அரண்மனையையே கொளுத்தியவரும் அவர்தான் என்பது காட்சியாக வருவதே இல்லை.

கிளைட்டஸ் கொலை?

நடந்தது, குடிபோதையில், ஈட்டியால், விருந்தில். ஆனால் இந்தியாவில் அல்ல, இன்றைய சமர்கந்தில். கிரானிகஸ் போரில் அலெக்சாண்டரின் உயிரைக் காப்பாற்றியவர் கிளைட்டஸ் என்பது தெரிந்தால்தான் அந்தக் காட்சியின் கனம் புரியும்.

ஹெபஸ்டியன் விஷயத்தில் வழக்கு போட்டார்களாமே?

2004 நவம்பரில் கிரேக்க வழக்கறிஞர்கள் 25 பேர், இருவரின் உறவைக் காதலாகக் காட்டுவதாகச் சொல்லி வழக்குத் தொடுப்போம் என்று எச்சரித்தார்கள். படத்தைப் பார்த்த பிறகு விட்டுவிட்டார்கள். படம் பார்வைகளிலும் அணைப்பிலும்தான் நிற்கிறது. பழைய நூல்கள் இருவரையும் ட்ரோஜன் போர்க் கதையில் வரும் அகிலிஸ், பட்ரோக்ளஸ் இணையோடு ஒப்பிடுகின்றன, அதற்கு மேல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஹெபஸ்டியன் இறந்தது எக்பத்தானாவில், இன்றைய ஈரானின் ஹமதான். படம் அதை பாபிலோனுக்கு மாற்றியிருக்கிறது.

படம் தோல்வியா?

செலவு சுமார் 15.5 கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் சுமார் 16.7 கோடி, அதில் அமெரிக்காவின் பங்கு 3.4 கோடிதான். திரையரங்குகளின் பங்கைக் கழித்தால் நஷ்டம். வெளிநாடுகளும் டிவிடி விற்பனையும்தான் அதற்கு மறுவாழ்வு கொடுத்தன, இத்தனை பதிப்புகள் வந்ததும் அந்தத் தெம்பில்தான்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். போர்க்காட்சிகளின் ரத்தம் ஒருபுறம், ரொக்சானாவோடு முதலிரவுக் காட்சி நிர்வாணத்தோடு வருவது மறுபுறம். பத்து வயதுப் பிள்ளைக்கு வரலாறு காட்ட வேண்டுமென்றால் காகமேலா பகுதியை மட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து.

கடைசியில் விஷம் வைத்துத்தான் கொன்றார்களா?

தாலமி படத்தில் ‘நாங்கள்தான்’ என்கிற மாதிரி சொல்லிவிட்டு, அதை எழுத வேண்டாம், காய்ச்சலில் இறந்தார் என்று எழுது என்கிறார். அந்தக் காட்சி கற்பனை, ஆனால் கெட்டிக்காரக் கற்பனை: தாலமி உண்மையிலேயே ஒரு வரலாறு எழுதினார். அது தொலைந்துவிட்டது, அதைப் படித்து எழுதிய அரியனின் நூல்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. விஷம் என்ற வதந்தி அந்தக் காலத்திலேயே கிளம்பி, அலெக்சாண்டர் இல்லாதபோது மாசிடோனியாவை ஆண்ட அன்டிபேட்டரின் குடும்பத்தின் மேல் விழுந்தது. சுமார் பத்துப் பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து இறந்தார் என்பதால் மலேரியா, டைஃபாய்டு போன்றவற்றையே பலர் சந்தேகிக்கிறார்கள்.

அன்டிபேட்டரின் மகன் கசாண்டர் படம் முழுக்க அலெக்சாண்டரின் கூடவே வருகிறான். நிஜத்தில் படையெடுப்புக் காலம் முழுதும் அவன் மாசிடோனியாவில்தான் இருந்தான், பாபிலோனுக்கு வந்தது கடைசியில். பிற்பாடு ஒலிம்பியாஸைக் கொல்வித்ததும், ரொக்சானாவையும் அவள் மகனையும் தீர்த்துக்கட்டியதும் அவனே. அலெக்சாண்டரின் உடலை மாசிடோனியாவுக்குக் கொண்டுபோகும் வழியில் தாலமி மடக்கி எகிப்துக்குத் திருப்பிவிட்டார். முதலில் மெம்பிஸ், பிறகு அலெக்சாண்ட்ரியா. ரோமப் பேரரசர்கள் வந்து பார்த்த அந்தக் கல்லறை எங்கே இருந்தது என்பது இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.